அக்கா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம்

கணக்கு முடிந்து அந்த எண் வந்த அன்று, நிருபமா ஆபீஸ் கேன்டீனில் இருந்த எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தாள். பாயின்ட் ஆறு இரண்டு. அடேயப்பா, இதற்கா இந்த அமர்க்களம் என்று கேட்பீர்கள். விஷயம் இதுதான். கன்று பிறந்ததும் வாலிலிருந்து நாலு மயிரை வேரோடு பிடுங்கி, அதிலுள்ள மரபணுவைப் படித்து, இது வளர்ந்தால் எவ்வளவு கறக்கும் என்று இப்போதே சொல்லிவிடுவது. வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கில் மாடுகளை வைத்துச் செய்கிறார்கள், சொன்னது பலிக்கிறது. நிருபமா கையில் இருந்ததோ மலைப்பக்கத்துப் பண்ணைகளில் மிஞ்சிய ஒரு சின்ன இனம். அந்த மொத்த இனத்தையும் உட்கார்ந்த இடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். ஒன்று வந்தால் அப்படியே பலித்தது, பூஜ்யம் வந்தால் வெறும் குருட்டாம்போக்கு. அந்தச் சின்ன மந்தையில் பாயின்ட் ஆறு இரண்டு என்றால் சும்மாவா?

ஆனால் மாட்டுக்காக அவள் காபி வாங்கவில்லை. ஸ்ரீகண்டனுக்காக வாங்கினாள்.

கூடப் படித்தவன். இதே வேலைக்காக டென்மார்க் போய், போன இடத்திலேயே இருந்துவிட்டவன். இந்த எண் பாயின்ட் ஐந்தைத் தாண்டினால் பெங்களூரில் புது லேப் ஒன்று வரும் என்று டெல்லியில் சொல்லியிருந்தார்கள். அதை நடத்த அவனை விட்டால் ஆள் இல்லை. “தாண்டட்டும் நிரு, மறு மாசம் அல்சூர்ல உங்க வீட்டு வாசல்ல நிப்பேன்” என்று சொல்லியிருந்தான். அவன் வரவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஏதோ வந்தால் தேவலை என்று இல்லை, வராவிட்டால் செத்துவிடுவோம் போல இருந்தது. இந்த மகராசி அதை அவனிடம் ஒரு தடவையாவது சொன்னாளா? கிடையாது. மாட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாள்.

அவனுக்காக அல்சூருக்குப் பக்கத்தில் காக்ஸ் டவுனில் வீடு பார்க்க ஆரம்பித்தாள். மொட்டை மாடியோடு ஒன்று பிடித்துப்போயிற்று. அம்மா ஜெயலக்ஷ்மி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கிச்சன் கிழக்கு பாத்திருக்கான்னு கேக்கற. சமைக்கப் போறது அவனா, நீயா?”

“சும்னிரும்மா.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். நீதான் பறக்கற.”

டெல்லிக்கு அனுப்ப ரிப்போர்ட் தயார் செய்த மத்தியானம் வந்தது வினை. எந்தக் காளைக்கு எந்தெந்தப் பசுக்கள் பிறந்தவை என்று ஒரு படம் போட்டாள். போட்டு முடித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் செய்தது எல்லோரும் செய்வதுதான். கம்ப்யூட்டர் மாடுகளைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியிடம் பாடம் கற்றுக்கொண்டு, மறு பாதிக்கு ஜோசியம் சொன்னது. பெரிய இனமாக இருந்தால் அவ்வளவாகக் குறையில்லை. இங்கேயோ மந்தை முழுக்க நாலைந்து காளைகளின் மகள்கள். குலுக்கியதில் அக்கா இந்தப் பக்கம் விழுந்தாள், தங்கை அந்தப் பக்கம் விழுந்தாள். அக்காவின் பாலை அளந்துவிட்டுத் தங்கைக்கு ஜோசியம் சொல்ல மரபணு எதற்கு? பக்கத்து வீட்டுக்காரி சொல்லுவாளே!

ஒரு காளையின் மகள்களை எல்லாம் ஒரே பக்கம் வைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினாள். பாயின்ட் ஒன்று ஒன்பது வந்தது.

பழைய எண்ணையே அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? அனுப்பிவிடு, அவன் வந்துவிடுவான் என்றது மனசு. அனுப்பினால், அந்த எண்ணை நம்பிப் பண்ணைக்காரர்கள் நல்ல கன்றைக் கசாப்புக்குத் தள்ளிவிட்டு உதவாததை வளர்ப்பார்கள். இருக்கிற கொஞ்ச இனமும் பாழ். அவளால் முடியவில்லை. பாழாய்ப்போன மனச்சாட்சி! கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டாள். அங்கே காலை நேரம். கோட்டைப் போட்டுக்கொண்டே திரையில் வந்தான்.

“ஸ்ரீ, நம்பர் தப்பு. அக்கா தங்கைய ரெண்டு பக்கமும் விட்டுட்டேன். பாயின்ட் ஒண்ணு ஒம்பதுதான்.”

அவன் ஆச்சரியப்படவில்லை. “தெரியும்” என்றான்.

“எப்போலேர்ந்து?”

“நீ எனக்கு நம்பரை அனுப்பின அன்னிக்கே. அவ்ளோ சின்ன மந்தைல அந்த நம்பர் வராது நிரு.”

“தெரிஞ்சுண்டா சும்மா இருந்த? அறிவிருக்கா உனக்கு?”

“சொல்லிட்டா எப்படி வர்றது?”

அப்படியென்றால் அவனுக்கும் அதே தவிப்புத்தான்! சந்தோஷத்தில் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“ஆனா நீ கண்டுபிடிச்சுடுவேன்னு தெரியும். கண்டுபிடிச்சா மறைக்க மாட்டேன்னும் தெரியும்” என்றான் அவன். “இங்க கான்ட்ராக்ட் முடியறது. இன்னும் மூணு வருஷம் இருக்கேன்னு போன வாரம் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுமே என்று அவள் கவலைப்படவில்லை.

“லேப் இல்லேன்னாலும் வான்னு நான் கூப்பிட்டிருந்தா?”

“வந்திருப்பேன். மாட்டாஸ்பத்திரில ஊசி போட்டாவது பொழைச்சிருப்பேன்.” கோட்டுப் பித்தானைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நீ கூப்பிடவே இல்லையே, நிரு.”

அவள் அழுதாள். மறைக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். எத்தனை நாள், எத்தனை பேச்சு, அதில் இந்த ஒரு வார்த்தைக்கு இடமில்லாமல் போயிற்றே!

“இப்போ கூப்பிடறேன்” என்றாள். “மூணு வருஷம் கழிச்சே வா. ஆனா லேப் வந்தது, நம்பர் வந்ததுன்னு வராதே. நான் கூப்பிட்டேன்னு வா.”

அவன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “இன்னொரு தடவை சொல்லு” என்றான்.