சுற்றுக்கு விட்ட செய்தி

மகள் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியை இராஜமாணிக்கம் திரும்பத் திரும்பப் படித்தார். நாலு வரியில் அவருக்குப் புரிந்தது நாலே சொல். அப்பா, பிரிலிம்ஸ், அம்மா, ப்ளீஸ். மற்றதெல்லாம் என்ஜிஎல், ஐடிகே, டிபிஎச் என்று ஒற்றை ஒற்றை இங்கிலீஷ் எழுத்துகள். இத்தனைக்கும் மனுஷன் எழுத்துகளுக்குப் புதியவர் இல்லை. தலைநகரில், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். சிஜிஎச்எஸ், ஜிபிஎஃப், எல்டிசி என்று முப்பது வருஷமாக அவற்றோடுதான் குடித்தனம். ஆனால் அவை விளக்கம் சொல்லும் சுற்றறிக்கையோடு வரும். மதுமதி வெறுமனே அனுப்பியிருந்தாள்.

அவள் கரோல் பாக்கில் ஐஏஎஸ் பயிற்சிக்குப் போகிறாள். இது மூன்றாவது முயற்சி. பிரிலிம்ஸ் என்ற முதல்கட்டத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம்தான். போன் போட்டார், எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஹால் டிக்கெட்டில் ஏதாவது குளறுபடியா? உடம்புக்கு முடியவில்லையா? எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். எதிரே திறந்திருந்த ஃபைலில் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

புரியாத விஷயத்தைத் தானாக முடிவு செய்யும் வழக்கம் அவர் சர்வீஸிலேயே கிடையாது. நாலு இடத்துக் கருத்துக் கேட்டுச் சுற்றுக்கு விடுவார். அது இன்றுவரை அவரைக் கைவிட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘கிட்வாய் நகர் தமிழ்க் குடும்பங்கள்’ குழுவில் போட்டார். “மேற்கண்ட எழுத்துகளுக்கு யாரேனும் விளக்கம் தந்து உதவவும். அவசரம்.”

உதவி உடனே வந்தது. மேல்வீட்டு சுந்தரவல்லி பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகளின் இந்த பாஷை அவளுக்கு அத்துபடி. கேள்வித்தாளுக்கு விடை எழுதுவதுபோல வரிவரியாக விரித்துப் போட்டிருந்தாள்.

“அப்பா, பொய் சொல்லல, பிரிலிம்ஸுக்கு இனி என்னால முடியாது. அடுத்து என்னன்னு தெரியல. நிஜத்தச் சொன்னா, ஜனவரியிலேர்ந்து படிக்கிற மாதிரி நடிச்சுட்டு இருக்கேன். ப்ளீஸ், இப்ப அம்மாகிட்ட சொல்லாதீங்க. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்.”

இராஜமாணிக்கம் குழுவின் பெயர்ப் பட்டியலைத் திறந்தார். அந்தக் குழுவில் இருநூறு பேர். மனைவி வள்ளியம்மை இருக்கிறாள். மதுமதியோடு படிக்கும் மாதுரியின் அம்மா இருக்கிறாள். தன் செய்தியை அழுத்தினார். எனக்கு மட்டும் அழிக்கவா, எல்லோருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. அவசரத்தில் முதலாவதைத் தொட்டுவிட்டார். செய்தி அவர் போனிலிருந்து மட்டும் மறைந்தது. மற்ற எல்லாருடைய போனிலும் பத்திரமாக இருந்தது. சுந்தரவல்லியின் விளக்கத்தையோ அவரால் தொடவே முடியாது.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினார். உத்யோக் பவனில் ஏறினால், வீட்டுக்கு இறங்கும் ஐஎன்ஏ ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் இருப்புக் கொள்ளாமல் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நடந்தார். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. குழுவில் பக்கத்து பிளாக் ஜெயகிருஷ்ணன் கும்பிடும் கை எமோஜி போட்டிருந்தார். ஒருவர் மனநல டாக்டரின் நம்பர் கொடுத்திருந்தார். இன்னொருவர், பாங்க் பரீட்சைக்கு வயசு இருக்கிறது என்று தேற்றியிருந்தார். ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

சுந்தரவல்லி கூப்பிட்டாள். “அண்ணே, கடைசி வரிய எழுதும்போதுதான் எனக்கே உறைச்சுச்சு. அதுக்குள்ள கை அனுப்பிருச்சு. நான் அழிச்சுட்டேன், ஆனா...”

“பரவால்லம்மா. போட்டது நான்தானே,” என்றார்.

வீட்டில் வள்ளியம்மை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார்.

“எங்கிட்ட சொல்லலைன்னு எனக்கு வருத்தம் இல்லைங்க,” என்றாள். “உங்ககிட்ட சொல்லிருக்கா பாருங்க. அப்பாகிட்ட சொல்லலாம்னு அவளுக்கு ஒரு தைரியம் வந்துருக்கு. அதக் கொண்டுபோயி தெருவுல வச்சுட்டு வந்துருக்கீங்க.”

மகள் தன்னை நம்பி எதையாவது சொன்னது இதற்கு முன் எப்போது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வராதது அவருக்கே அவமானமாக இருந்தது.

சாயங்காலம் மதுமதி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே மாதுரி சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது. அழுத கண்களாக இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“கண்ணு, அப்பா தெரியாம...”

“அச்சா, சரிப்பா. டயர்டா இருக்கு.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான். அவர் வெளியே நின்றார். “எழுத வேணாம்மா. புடிக்கலைன்னா விட்டுரு. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டேன்,” என்றார். ஹாலுக்கு வந்தார், பால்கனிக்குப் போனார், திரும்பவும் கதவுக்கே வந்தார்.

அப்போது போன் அதிர்ந்தது. அறைக்குள்ளிருந்து அவள்தான் அனுப்பியிருந்தாள். சுத்தமான இங்கிலீஷ்.

“அன்புள்ள அப்பா, மதியம் நான் அனுப்பிய செய்தியைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். அது களைப்பில் எழுதியது. நான் இந்த ஆண்டு தேர்வு எழுதுகிறேன். தயாரிப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. கவலைப்பட எதுவும் இல்லை. நன்றி. மதுமதி.”

ஒரு சொல்கூடச் சுருங்கவில்லை. கமாவும் முற்றுப்புள்ளியும் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவருடைய செக்‌ஷனில் யாரும் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளே மதுமதி அரசியல் சட்டத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்திருந்தாள், ஹாலில் இருப்பவர்களுக்கும் நன்றாகக் கேட்கும்படி.