நீலம் ஏறிய இட்லி

1

“இட்லி என்ன கலர்ல இருக்கும்? சொல்லுட்டி! பொறந்ததுலேருந்து நீ தின்ன இட்லி என்ன கலர்?”

“வெள்ளைதான் அத்தை.”

“அப்ப இது என்ன கலர்?”

அத்தை என்றவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? ஏ கரீம் பாட்சா, நீரே சொல்லும். இது என்ன கலர்?”

“ஆகாசக் கலரு யக்கா. மழ விட்ட மறுநாளு இருக்குமே, அது.”

இந்தச் சண்டையில்தான் எனக்கு இந்தக் கதை கிடைத்தது. கிடைத்தது என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. தாராவியில் எங்கள் சந்தில் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே சுவர் என்பது தகரம்தான். ஆணி பிடுங்கிய இடத்தில் ஓட்டை இருக்கும். ஓட்டைக்கு அந்தப் பக்கம் பேராச்சி வீடு, இந்தப் பக்கம் நான். அறுபத்தைந்தாம் வருடம், மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு திங்கட்கிழமை காலை.

கத்தியவள் பேராச்சி. வீட்டு முன்பக்கத்தில் மெஸ் நடத்தி, பட்டறைக்குப் போகிற பதினெட்டு ஆண்களுக்குத் தினமும் இட்லி போடுகிறவள். தலைகுனிந்து நின்றவள் அவளுடைய மருமகள் சண்முகவடிவு. ஆகாசக் கலர் என்று சாட்சி சொன்ன கரீம் பாட்சா தோல்பைப் பட்டறைக்காரர், கல்யாணமாகாதவர், மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. பேராச்சியின் மகன் செல்லப்பாண்டியும் பந்தியில் இருந்தான். லேத்துப் பட்டறையில் வேலை. எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டார்கள், அவன் மட்டும் குனிந்தபடி நீல இட்லியைத் தின்றுகொண்டிருந்தான்.

இட்லித்தட்டில் விரிக்கும் துணி வெள்ளை. வேட்டியை அலசும் கடைசித் தண்ணீரில் கலக்கும் நீலத்தில் அதையும் யாரோ முக்கிவிட்டார்கள். ஆவியில் துணி கக்கியதை மாவு குடித்துவிட்டது. இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு எழுந்திருப்பார்கள். கரீம் பாட்சாவுக்கு யோசிக்கிற வியாதி உண்டு.

“யக்கா, நீலத்தண்ணியில இட்லித்துணி மட்டும் தனியாவா நீஞ்சியிருக்கும்? கூட வேட்டி முங்கியிருக்கும். வேட்டி முங்குனா பனியன் முங்கியிருக்கும். பனியன் முங்குனா…”

அவர் அங்கே நிறுத்தினார். பதினேழு பேரும் மீதியை மனதுக்குள் முக்கிப் பார்த்தார்கள். ஒருவன் வாசலுக்கு ஓடினான்.

“வியாழக்கிழம வெயிலுமுத்து குடும்பம் ஊருக்குப் போவுது,” என்றாள் பேராச்சி. “அவங்களோட உன்னய ரயிலேத்தி விட்டுருதேன். உங்க அண்ணன் வீட்டுல போயி எதுல வேணும்னாலும் எதையும் முக்கு.”

2

எழுத உட்கார்ந்தபோது தாராவி வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பத்திரிகைக்காரர்கள் மாட்டுங்காவை விரும்புவார்கள். ஆகவே:

‘மாட்டுங்கா விசாலாக்ஷி மாமி மடிக்கோலால் கொடியிலிருந்து புடவையை எடுக்கையில், கோலின் நுனியில் வேறு வீட்டு…’

அடித்துவிட்டேன். மாமி வீட்டு விஷயம் மாமிக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அங்கே போய் எட்டிப்பார்க்க எனக்கு ஓட்டையும் கிடையாது.

இன்னொன்று: ‘துணிகளுக்கும் மேல் கீழ் உண்டு.’ ஆழமாக இருக்கிறது. ஆழமான முதல் வரிக்குப் பிறகு இரண்டாவது வரி வர மாட்டேன் என்கிறது. ஆனால் விஷயம் பொய்யில்லை. பேராச்சி வீட்டுச் சட்டம் இதுதான்: இட்லித்துணிக்குத் தனிச் சட்டி, வெந்நீர் மட்டும், சவுக்காரம் படக்கூடாது. மற்றதெல்லாம் ஒரே வாளி. குழாய் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும் என்பதால் தண்ணீரை மாற்ற முடியாது, துணியைத்தான் மாற்ற முடியும். முகம் துடைக்கும் துண்டு முதலில், பிறகு வேட்டி, சேலை, பாவாடை, கிரீஸ் படிந்த கால்சட்டை. கடைசியில் தரை துடைக்கும் சாக்கு. சாக்குக்கு வரும்போது அந்தத் தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்திருக்கும்.

3

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்ன நடந்தது என்று வடிவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். (முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஓட்டை இருப்பது தெரிந்துவிடாதா?)

வடிவுக்கு நாள் தள்ளி ஐம்பது நாளாகியிருந்தது. சவுக்காரத்தைப் பார்த்தாலே குடல் தொண்டைக்கு வந்தது. போன வருடமும் இப்படித்தான். அப்போது இரண்டாம் மாதமே சந்து முழுக்கச் சொல்லி, ஆளாளுக்கு மாங்காய் கொடுத்து, மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை என்றானது. மாங்காய் கொடுத்தவர்களெல்லாம் துக்கம் விசாரிக்கவும் வந்தார்கள். அதில் எது மோசம் என்று அவளால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. இந்தத் தடவை மூன்று மாதம் தாண்டும்வரை புருஷனைத் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று வைத்திருந்தாள்.

பேராச்சி வாழையிலை வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். செல்லப்பாண்டி கதவைச் சாத்தினான். அறை மூலையில் குளிக்கவும் துவைக்கவும் இருக்கும் மோரியில் உட்கார்ந்து, பெண்டாட்டியின் சேலையையும் பாவாடையையும் சத்தம் வராமல் கசக்கினான். துணியை அடிக்காமல் துவைக்கிற ஆண்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன். வெளியே தெரிந்தால் பட்டறையில் அவனுக்கு ஆயுசுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். வடிவு மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலில் முகம் திருப்பிப் படுத்திருந்தாள். அதனால்தான் அவன் வெள்ளையெல்லாம் ஒரு சாதி என்று நினைத்து, வேட்டியோடு இட்லித்துணியையும் நீலத்தில் அமுக்கியதை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். புதுமாதிரியாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

4

செவ்வாய்க்கிழமை ஏழு பேர் வேறு மெஸ்ஸுக்குப் போனார்கள். குழாயடியில் எல்லோரும் சுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். அல்லா மேல் ஆணையாகத் தன் வீட்டில் பிள்ளைத்துணி தனி என்றாள் எதிர் அறை ஆபிதா. தனிதான், தலையணை உறை சேரும்வரை. கரீம் பாட்சா முகம் துடைக்கும் துண்டும் பசை துடைக்கும் துண்டும் ஒன்றே, நேரம்தான் வேறு. என் வீட்டைக் கேட்காதீர்கள். எழுதுகிறவர் வீட்டைக் கதையில் சேர்ப்பது வழக்கமில்லை.*

* சரி. கரித்துணியும் ரவிக்கையும். ஒரே ஒரு தடவை, குழாய் பாதியில் நின்ற அன்று.

வடிவு குடத்தோடு வந்தால் பேச்சு நிற்கும். அவள் போனதும் தொடரும்.

5

எனக்கு இந்தச் செல்லப்பாண்டி மேல் சந்தேகம். பாத்திரமாக இவன் நிற்பானா? பெண்டாட்டி மேல் பழி விழுகிறது, இவன் இட்லி தின்கிறான். வாசகர்கள் இவனைத் திட்டுவார்கள். திட்டட்டும். ஆனால் செவ்வாய் சாயங்காலம் தகரத்தின் வழியாக வந்ததையும் எழுதிவிடுகிறேன்.

“நான் அம்மாட்ட சொல்லிருதேன்.”

“என்னன்னு?”

“நாந்தான் தொவச்சேன்னு.”

“ஏன் தொவச்சன்னு கேப்பாவ. அதுக்கு என்ன சொல்லுவிய?”

அவன் கட்டிலில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

“மூணு மாசம் தாண்டட்டும்,” என்றாள் வடிவு. “எம்மேலதான பழி. நாந்தான வச்சிருக்கேன், கனமாவா இருக்கு?”

“அதுக்குள்ள நீ ஊருல இருப்ப. மூணு நாளு ரயில்ல குலுங்கணும்ட்டி.”

“எனக்குத் தெரியாதா?”

அவன் கேட்டான்: “அங்க உனக்கு யாரு தொவைப்பா?”

இதற்கு அவள் பதில் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. யார் மூக்கு என்று தகரத்தில் தெரியாது.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: வடிவு பெட்டியோடு வாசலைத் தாண்டுகிறாள், மயங்கி விழுகிறாள், யாரோ நாடி பிடித்துச் சிரிக்கிறார்கள். கொட்டகையில் கைதட்டுவார்கள். வடிவு அப்படிச் சட்டென்று விழுகிற ஆளில்லை. இரண்டு குடம் தண்ணீரோடு எங்கள் சந்துச் சாக்கடையைத் தாண்டுகிறவள்.

இரண்டாவது: செல்லப்பாண்டி எழுந்து நின்று, ‘அம்மா! குற்றம் செய்தவன் நான். நீதி கேட்டு உன் முன்…’ (அவன் அம்மாவிடம் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. அதில் இரண்டு ‘சோறு போடு’.)

மூன்றாவது முடிவில் நான் போய் உண்மையைச் சொல்கிறேன். அதில் எல்லோரும் என்னை மெச்சுகிறார்கள். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

7

நடந்தது இது. வியாழக்கிழமை காலை ஆறு மணி, குழாய் வந்துவிட்டது. பெண்கள் வரிசையில் குடம் வைத்திருந்தார்கள். வடிவின் தகரப்பெட்டி கயிறு கட்டி வாசலில் இருந்தது. வெயிலுமுத்து வந்து எடுத்துப்போகக் காத்திருந்தது.

செல்லப்பாண்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு வெளியே வந்தான். வாளியின் மேலாகப் பச்சைச் சேலை தெரிந்தது, வடிவுடையது. நேராகக் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து சவுக்காரம் போட ஆரம்பித்தான்.

“யா அல்லா!” என்றாள் ஆபிதா. “என்ன பாண்டி, உம் பொண்டாட்டி இன்னும் ரயிலே ஏறலியே, அதுக்குள்ளயா?”

“லேத்துல கடைவானே, அதுமாதிரி சேலையவும் கடையுதானோ!” என்று யாரோ. சிரிப்பு சந்து முனைவரை போனது. பட்டறைக்குக் கிளம்பிய கரீம் பாட்சா சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டார்.

சத்தம் கேட்டு மாவுக் கையோடு பேராச்சி வந்தாள். மகனைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். வாளிக்குள் பார்த்தாள். வேட்டி, கிரீஸ் கால்சட்டை, நடுவில் ஓரம் மடிந்து இட்லித்துணி.

“ஏல! இட்லித்துணிய வெளிய எடுல!”

“இன்னைக்குத்தான் நீலம் போடலியேம்மா!”

குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் குடத்தை நகர்த்திவைக்கவில்லை. தாராவியில் ஒரு நிமிடத் தண்ணீர் அப்படிச் சும்மா ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“ஒனக்கு எதுக்குல இந்த வேல?” என்றாள் பேராச்சி. குரல் இறங்கியிருந்தது.

“அவளுக்குச் சவுக்கார வாடை ஆவல.”

பேராச்சி வாசலில் நின்ற வடிவைப் பார்த்தாள். வடிவு தரையைப் பார்த்தாள். பெண்கள் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. போன வருடம் மாங்காய் கொடுத்த கைகள்தானே. ஆனால் அன்று ஒருத்தி வாயிலிருந்தும் வாழ்த்து வரவில்லை. அதிசயம்தான். ஆபிதா மட்டும் குனிந்து, வாளியிலிருந்து இட்லித்துணியை இரண்டு விரலால் எடுத்துக் கல்லின் மேல் தனியாகப் போட்டாள்.

பேராச்சி கயிறு கட்டிய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வடிவு பின்னாலேயே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் ஓட்டையிடம் ஓடினேன். ஓடி என்ன, உள்ளே பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டார்கள். அந்த இரைச்சலில் மாமியாரும் மருமகளும் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை பிடிபடவில்லை. வெயிலுமுத்து குடும்பம் ஒரு ஆள் குறைவாக ரயிலேறியது.

8

ஸ்டவ் சத்தத்தில் போனதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேராச்சி அழுதாள் என்று மட்டும் எழுத வேண்டாம், அவளுக்குத் தெரிந்தால் என்னை விட மாட்டாள்.

இன்னொன்றையும் உங்களிடம் விடுகிறேன். செல்லப்பாண்டி அன்று தெரிந்தே வெளியே வந்தானா? நான்கு வார்த்தைக்காரன், வாயால் முடியாததை வாளியால் சொன்னான் என்பது ஆபிதாவின் கட்சி. அன்றைக்கு அவன் வேலைக்கு லீவு போட்டிருந்தான் என்பது அதற்குச் சாட்சி. பேராச்சியின் கட்சி வேறு: “கிறுக்குப்பய. மோரி அடைச்சிருந்துச்சு, வெளிய வந்தான்.” மோரி அடைத்திருந்ததும் உண்மை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நடந்த மாதிரி இருக்கிறது.

போன ஏழு பேரில் நான்கு பேர் மெஸ்ஸுக்குத் திரும்பினார்கள். கரீம் பாட்சாவுக்கு அடுத்த வருடம் மேலப்பாளையத்தில் பெண் எடுத்து நிக்காஹ் ஆனது. ஆபிதா வீட்டார் விக்ரோலிக்குப் போனார்கள். வடிவுக்குப் பெண்குழந்தை. அது நடக்கத் தொடங்கியதும் மான்குர்த்தில் வீட்டுக்குள்ளேயே குழாய் உள்ள அறை ஒன்று கிடைத்து அவர்களும் கிளம்பினார்கள். பேராச்சி மெஸ்ஸை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

கைவண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அன்றைக்கு வடிவைப் பிடித்து நிறுத்திக் கேட்டேவிட்டேன்: “ஏளா, அன்னைக்கு ஒம் மாப்பிள்ள வேணும்னுதான் வாளியத் தூக்கிட்டு வந்தானா, இல்ல சும்மாவா? நீ அவன்ட்ட கேட்டிருப்பியே.”

வடிவு பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

“கேக்கல மதினி. கேட்டா உள்ளதச் சொல்லிருவாவ.”

வண்டிக்காரன் “சலோ, சலோ” என்றான். போய்விட்டார்கள்.