ஆதாரம் போதாத மரணம்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு இறந்துபோன அத்தான், அதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால் அன்று மாலை ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். அதற்குள் மருத்துவர் வந்து நாடியும் கண்ணும் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாடகை நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. அக்கா அழுது அழுது தொண்டை கட்டி, சுவரில் சாய்ந்திருந்தாள். அத்தான் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு வாசல் பக்கம் பார்த்து, "என்ன இத்தனை செருப்பு?" என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் ஒருவாறு சமாளித்து, "உங்களப் பாக்கத்தான் சார் வந்தோம்" என்றார். அத்தான் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு எழுந்துபோய் ஜன்னலோரம் இருந்த கணினியின் முன்னால் அமர்ந்தார். நாற்காலிக்காரருக்குத் தகவல் சொல்லி, ஏழு மணிக்குள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினோம்.

அத்தான் எடையளவு ஆய்வாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடைக்காரர்கள் தராசுத் தட்டின் அடியில் எதையும் ஒட்டிவைக்க முடியாதபடி ஒரு முத்திரையை வடிவமைத்தார். அந்தக் காலத்தில் இரண்டு பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. ஓய்வு பெற்ற மறுவாரமே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றிருந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் 'எடைக்கல்' என்ற பெயரில் சேர்ந்தார். சம்பளம் கிடையாது, ஆனால் வேலைநேரம் முன்பைவிட அதிகம். அவருடைய வழக்கமெல்லாம் ஒன்றே ஒன்று: எந்த வரியைப் பார்த்தாலும் ஆதாரம் கேட்பார். ஆதாரம் இல்லாத வரியை எடுத்துவிட்டு, எழுதியவரின் உரையாடல் பக்கத்துக்குப் போய், தங்கள் உழைப்புக்கு நன்றி, மனம் வருந்த வேண்டாம் என்று எழுதிவிட்டு வருவார். அங்கே அவருக்கு ஈடுகொடுத்தவர் ஒருவர்தான். எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் ஓர் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த அம்மா. 'மருந்துச்சீட்டு' என்ற பெயரில் எழுதினார். ஓர் ஆற்றின் நீளம் இருநூற்று முப்பத்தெட்டு கிலோமீட்டரா, இருநூற்று நாற்பத்தொன்றா என்று இருவருக்கும் பதினோரு ஆண்டுகளாகத் தகராறு. ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் மற்றவர் எழுதியதை மாற்றக் கூடாது என்று தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்கள். காலையில் ஆறு நீளும், மாலையில் சுருங்கும். இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஐயா என்பார் அவர், அம்மையீர் என்பார் இவர். மூன்று கிலோமீட்டரை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அத்தானைப் பற்றியே அந்தக் களஞ்சியத்தில் ஒரு சிறிய கட்டுரை இருந்தது. யாரோ முத்திரையைப் பற்றிப் படித்துவிட்டு எழுதியது. அந்தக் கட்டுரைக்கு உரியவர்தான் 'எடைக்கல்' என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அதில் அவருடைய பணிக்காலம் முப்பத்திரண்டு ஆண்டுகள் என்று தவறாக இருந்தது. தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே திருத்தக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் காலையில் அந்தத் தவறைப் படித்துப் பெருமூச்சு விட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். செவ்வாய்க்கிழமை ஐந்து இருபதுக்கு, துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ ஒருவர் கைபேசியில் அந்தக் கட்டுரையைத் திறந்து, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் இறந்த தேதியைச் சேர்த்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஆதாரம் எதுவும் போடவில்லை. கடையில் கூட்டம் குறைந்ததும் ஆறு மணிக்கு மருந்துக்கடை அம்மா அதைப் பார்த்தார். ஆதாரமின்றி ஒருவரை இறந்தவராக்குவது முறையல்ல, ஐயா நீடு வாழ்க என்று குறிப்பு எழுதி, அந்தத் தேதியை எடுத்தார். அந்த நிமிடத்தில்தான் அத்தான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தது.

அடுத்த நாள் அத்தான் வீட்டுத் தராசில் ஏறி நின்றார். அறுபத்தொரு கிலோ நானூறு கிராம் காட்டியது. நான்கு ஆண்டுகளில் அது ஒரு கிராம்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. நகம் வளரவில்லை. கை மட்டும் எப்போதும் குழாய்த் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும். சாப்பாடு வேண்டாம் என்று தட்டைப் பணிவாக நகர்த்திவைப்பார். முதல் மாதம் முழுவதும் அக்கா அவருக்கும் சேர்த்துச் சமைத்தாள், பிறகு நிறுத்தினாள். அத்தானுக்குத் தூக்கம் இல்லை, அதனால் அக்காவுக்கும் இல்லை. தட்டச்சு ஓசை நின்றால் அவர் எங்கே போனார் என்று எழுந்துவிடுவாள், ஓசை கேட்டால் அதனாலேயே விழித்திருப்பாள். அழுகை பாதியில் நின்றுபோய்த் தொண்டையில் மாத்திரை போல ஒட்டிக்கொண்டிருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவர் எதிரே போய் நின்றாள்.

"நீங்க போயிட்டீங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம்?"

"எதை வெச்சுச் சொல்றது? டாக்டர் எழுதின காகிதம் பீரோவுல கிடக்குது. அது எங்கேயும் அச்சாகல. அச்சாகாதது செல்லாது." திரையில் ஒரு வரியை நீக்கிவிட்டுத் தொடர்ந்தார். "எனக்கும் அசதியாத்தான் இருக்கு. உக்காந்தா படுக்கணும்னு இருக்கு. படுத்தா, வந்த வேலை முடியலையேன்னு இருக்கு."

உண்மையில் அச்சாகியிருந்தது. ஐந்து இருபதுக்கும் ஆறுக்கும் இடையில் இருந்த நாற்பது நிமிடத்தில் ஒரு நாளிதழ் அந்தக் கட்டுரையைப் பார்த்து, தராசு முத்திரையை உருவாக்கியவர் காலமானார் என்று மறுநாள் நான்கு வரி போட்டது. இது ஓர் ஆண்டு கழித்துத்தான் யார் கண்ணிலோ பட்டது. களஞ்சியத்தின் உரையாடல் பக்கத்தில் பதினான்கு பேர் ஏழு மாதம் விவாதித்தார்கள். எல்லாம் வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடியும் விவாதம். ஏற்றுக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபோது, அத்தான் தானே முன்வந்து ஒரு குறிப்பு எழுதினார். நாளிதழ்ச் செய்தியில் பணிக்காலம் முப்பத்திரண்டு ஆண்டுகள் என்றிருக்கிறது. அந்தத் தவறு உலகத்தில் நம் கட்டுரையில் மட்டுமே உண்டு. ஆகவே செய்தி நம்மைப் பார்த்து எழுதியது. நம்மிடமிருந்து போனதை நமக்கே ஆதாரமாகக் கொள்ள இயலாது. பதினான்கு பேரும் அவருடைய கூர்மையைப் பாராட்டினார்கள். மருந்துக்கடை அம்மா, ஐயாவின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன் என்று எழுதினார். தேநீர் டம்ளரோடு பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த அக்கா, டம்ளரை மேசையில் நங்கென்று வைத்தாள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல?"

"தப்புன்னு தெரிஞ்சும் எப்படி விடறது, சொல்லு."

"ஒரு தடவை. எனக்காக ஒரே ஒரு தடவை விட்டிருக்கலாம்."

அக்கா அந்த நாளிதழுக்கே போன் செய்தாள். ஒரு நிருபர் வந்தார். பழைய செய்தியைச் சரியாக விசாரித்து, முழுசாக மறுபடி போடும்படி அக்கா கேட்டாள். நிருபர் அத்தானிடம் ஒரு மணி நேரம் பேசினார், மருத்துவச் சான்றையும் வாங்கிப் படித்தார், கையைக் குலுக்கிவிட்டு உடனே கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டார். என்னோடு பேசியவரை நான் எப்படிம்மா செத்துட்டார்னு எழுதறது என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நாளில் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு திருத்தம் வந்தது: இவர் காலமானதாக நாம் வெளியிட்ட செய்தி தவறு, வருந்துகிறோம். அதுவரை அத்தான் இறந்ததற்குத்தான் ஆதாரம் இல்லாமல் இருந்தது. அன்றிலிருந்து அவர் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் வந்துவிட்டது. மாலைக்குள் அதைக் கட்டுரையில் சேர்த்துவிட்டார்கள்.

இப்படியே மூன்று ஆண்டுகள் தாண்டின. அக்கா இளைத்துப்போனாள். காய்கறி வாங்கப் போன இடத்தில் நின்றபடியே தூங்கினாள். எதிர்வீட்டுக்காரர் அழைத்துவந்து விட்டுப் போனார். நான்காம் ஆண்டில் ஒருநாள் அவளே களஞ்சியத்தில் ஒரு கணக்கைத் தொடங்கி, மருந்துக்கடை அம்மாவின் உரையாடல் பக்கத்தில் நான்கு வரி எழுதினாள். அம்மா, அன்றைக்கு நீங்கள் எடுத்தது ஒரு தேதி. அதனால் என் வீட்டில் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நானும் படுக்க வேண்டும். கீழே வீட்டு போன் எண்ணையும் போட்டாள். எட்டு நாள் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் பகல், கடை இரைச்சலுக்கு நடுவிலிருந்து போன் வந்தது.

"நான் மருந்துக்கடை பேசறேங்க. எட்டு நாளா எனக்கும் சோறு இறங்கல. ஒரு வழி இருக்கு. சொல்லத்தான் கூச்சமா இருக்கு."

"சொல்லுங்க."

"அவரைப் பத்தின கட்டுரையே வேண்டாம், எடுத்துடலாம்னு நான் போடணும். கட்டுரை இருந்தாத்தானே அவர் இருக்காரா இல்லையான்னு கேள்வி? ஆனா அதுக்கு, களஞ்சியத்துல இடம் கொடுக்கற அளவுக்கு அவர் பெரிய ஆளில்லைன்னு எழுதணும். பதினஞ்சு வருஷம் ஐயான்னு கூப்பிட்ட வாய் இது."

தினமும் காலையில் அத்தான் அந்தக் கட்டுரையைத் திறந்து பார்ப்பது அக்காவுக்குத் தெரியும். அவளும் யாராவது விருந்தாளி வந்தால் அதை எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

"எழுதுங்க" என்றாள்.

நீக்கல் பரிந்துரை ஏழு நாள் பொதுவில் கிடக்க வேண்டும். அதன்பின் நிர்வாகி முடிவெடுப்பார். நிர்வாகி ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர், யாரையும் புண்படுத்த விரும்பாதவர். பரிந்துரையைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதிர்ச்சி. மூத்த பயனரை இப்படியா நடத்துவது என்று திரண்டு வந்தார்கள். ஆற்றுத் தகராறின் வஞ்சம் என்று ஒருவர் மிக நாகரிகமான சொற்களில் குத்திக்காட்டினார். மருந்துக்கடை அம்மா அதற்கும் நன்றி சொல்லிவிட்டு, காரணத்தை விளக்காமல் விதியை மட்டும் திரும்ப எழுதினார். ஆறாம் நாள் மாலையில் வைத்திருக்கவும் என்று ஒன்பது பேர், நீக்கவும் என்று இரண்டு பேர். ஒன்பது பேரும் மரியாதைக்காகத்தான் வாக்களித்தார்கள். அந்த மரியாதை அத்தானை நாற்காலியில் இன்னும் இறுக்கி உட்காரவைத்தது. அன்று காலையிலிருந்து அவரால் எழுந்து ஜன்னல்வரைகூட நடக்க முடியவில்லை.

ஏழாம் நாள் காலை அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா கோவத்துல பண்ணல. அவங்க கோவம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆத்து விஷயத்துல பாத்திருக்கேன். நீதானே சொன்னே?"

"நான்தான்."

"நான் ரெண்டு வரி எழுதினா முடிஞ்சிரும். நான் பெரிய ஆளுன்னு சொல்ல இருக்கற ஆதாரமே ரெண்டு. ஒண்ணு பொருட்காட்சிச் செய்தி; அதுல என் பேர் போற போக்குல வருது. இன்னொண்ணு என்கூட வேலை பாத்த சினேகிதன் எழுதினது. அது நடுநிலை இல்ல. ரெண்டையும் தட்டினா ஒண்ணும் மிஞ்சாது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்குத்தான். நாளைக்கு எடுத்துக் காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காதே."

"நான் யாருக்குக் காட்டப்போறேன்?" அக்கா அவருடைய தோளில் கைவைத்தாள். சட்டைக்கு மேலேயே குளிர்ந்தது. "போடுங்க."

அவர் எழுதினார். தன்னைப் பற்றியதாகையால் வாக்களிக்கவில்லை என்றும், ஆனால் பரிந்துரைத்தவரின் காரணம் விதிப்படி முற்றிலும் சரி என்றும், தனக்காக விதியை வளைப்பது தன்மேல் வைக்கும் மரியாதை ஆகாது என்றும். அனுப்புமுன் நான்கு முறை படித்துப் பார்த்து ஒரு காற்புள்ளியை எடுத்தார். ஒன்பதரைக்குள் எட்டுப் பேர் தங்கள் வாக்கை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. மாற்றாததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். பதினொரு மணிக்கு நிர்வாகி, மிகுந்த வருத்தத்துடன் என்று குறிப்பிட்டுக் கட்டுரையை நீக்கினார். அத்தான் கணினியை முறைப்படி அணைத்தார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், கட்டிலுக்குப் போய்ப் படுத்தார். அக்கா போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது கண் மூடியிருந்தது. தொண்டையில் நின்றிருந்தது அப்போதுதான் இறங்கியது. ஒரு மணி நேரம் சத்தம் போட்டு அழுதாள்.

பழைய மருத்துவரே வந்தார். பார்த்துவிட்டு, புதிதாக எழுத ஒன்றுமில்லை என்று பீரோவில் இருந்த காகிதத்தையே எடுத்துக் கொடுத்தார். பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் நான்கு ஆண்டுக்கு முந்தைய தேதியைப் பார்த்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். வீட்டில் வேலை இருந்தது என்றோம். தாமதத்துக்கு உரிய படிவத்தை நீட்டினார், பூர்த்தி செய்து கொடுத்தோம். மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் மருந்துக்கடை அம்மா வந்து இறங்கினார். ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பையோடு, நாங்கள் நினைத்ததைவிட வயதானவராக இருந்தார். அத்தானின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தார். "வணக்கம் ஐயா" என்று மட்டும் சொன்னார். பத்து மணிக்கு அடக்கம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முகம் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் எழுந்திருக்கவில்லை. மருந்துக்கடை அம்மா ஊருக்குப் போகாமல் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அழைப்புமணியின் கம்பியைக் கழற்றிவிட்டு, துக்கம் கேட்க வந்தவர்களிடம் "தூங்கறாங்க" என்று சைகையிலேயே சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாளும் அதையே சொன்னபோது எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, அக்காவின் குறட்டையைக் கேட்டுத் தலையாட்டினார்.

"தூங்கட்டும்மா" என்றார். "நாலு வருஷம் ஆச்சில்ல."