பின்னால் வருகிறாள்

...இதோ, ஏழாவது ஆள், வாயைத் திறக்கப் போகிறார், வேலியோரம் ஆடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டவர் நிமிர்ந்து முதலில் ஆங்கஸைப் பார்த்தார், பிறகு இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளின் காலியான பின் இருக்கையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, "தம்பி, பின்னாடி ஆள் விழுந்துட்டாங்க, பார்த்தீங்களா?" என்றார், உலகத்திலேயே இதை முதலில் கண்டுபிடித்தவர் தான்தான் என்பதுபோல. ஆங்கஸ் கையை ஆட்டினான். காலையிலிருந்து ஏழு பேர், ஏழு பேருக்கும் அதே வேடிக்கைப் பேச்சு, யாராவது எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்களா... ஏரிக்கரையில் விலாங்கு வலையோடு நின்றவர் மட்டும் "அந்தம்மா மிதிக்கவே மாட்டேங்குறாங்களே" என்று கொஞ்சம் மாற்றிச் சொன்னார், அவருக்கு அரை மதிப்பெண் கூடுதல். பின் இருக்கைக்காரி வைமாரி இருந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் உரக்க மதிப்பெண் போட்டிருப்பாள். இருந்திருந்தால் இந்த வேடிக்கையே இருந்திருக்காதே. சரி. தனிச் சைக்கிளில் வந்திருக்கலாம், ஆனால் தனிச் சைக்கிளை விற்றுத்தான் இதை வாங்கினார்கள், கொட்டகையில் பதினான்கு மாதம் நின்று ஒவ்வொரு முறையும் முழங்காலில் இடித்தது, ஒன்று ஓட்ட வேண்டும், இல்லை கொட்டகையைப் பெரிதாக்க வேண்டும். வடமேற்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது, இடப்பக்கம் மலை, வலப்பக்கம் ஏரி பழுப்பாகக் கொந்தளிக்கிறது, கருப்பு அன்னங்கள் ஆயிரமாவது இருக்கும், எல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவனைப் போலவே.

மோட்டுகராரா ஊரைத் தாண்டியதும் வந்தது அந்த இரும்புத் தடுப்பு. மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதென்று வளைத்து வைத்த குறுகல் வழி, இரட்டைச் சைக்கிளுக்கு அது ஒத்துவராது, பின்சக்கரத்தில் நிமிர்த்தி, குதிரையைப் போல நிற்கவைத்துத் திருப்ப வேண்டும், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பின்னால் நின்று தூக்குவதும் தடுப்பைக் கட்டியவனின் ஏழு தலைமுறையைத் திட்டுவதும் வைமாரியின் வேலை. தனியாக அவனுக்குத் தூக்கவும் தெரிந்தது, திட்டவும் தெரிந்தது, திருப்பத்தான் தெரியவில்லை. கைப்பிடி ஒரு கம்பியில், மிதி இன்னொரு கம்பியில், அவன் நடுவில். எவ்வளவு நேரம் அப்படி நின்றான்? மஞ்சள் சட்டை போட்ட கிழவர் ஒருவர் வந்தார், சைக்கிள் மன்றத்து ஆள், முதுகில் நெவில் என்று எழுதியிருந்தது. பின்சக்கரத்தைப் பிடித்து ஒரே திருப்பு, வெளியே வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, "பின்சீட்டுக்காரங்க எங்க தம்பி?" என்றார். சிரிக்காமல் கேட்டார், அதுதான் தொல்லை. வேடிக்கைக்குக் கையை ஆட்டலாம், கேள்விக்கு எதை ஆட்டுவது? "பின்னால வர்றா," என்றது ஆங்கஸின் வாய். "கரண்டிவாயன் பறவை பார்த்தா, இறங்கிட்டா. நடந்து வர்றா." பொய் என்றும் சொல்ல முடியாது, ஐந்து வருடத்துக்கு முன் இதே கரையில் அப்படித்தான் குதித்து இறங்கினாள், அவன் இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் மிதி ஏன் கனக்கிறது என்று திரும்பிப் பார்த்தான். தேதி மட்டும்தான் தப்பு. நெவில் தலையாட்டினார், "அப்படியா, நல்லது," என்று முன்னால் போய்விட்டார், கதை அதோடு முடிந்தது என்று ஆங்கஸ் நினைத்தான்.

முடியவில்லை. பேர்ட்லிங்ஸ் ஃபிளாட் திருப்பத்தில் மன்றத்தின் வண்டி நின்றது, மடக்கு மேசை, பெரிய ஃபிளாஸ்க் இரண்டு, வெட்டாத கேக், சுற்றிலும் பத்துப் பதினோரு மஞ்சள் சட்டைகள், எல்லோர் கையிலும் காலிக் கோப்பை. அவனைக் கண்டதும் கைதட்டினார்கள். ஏன் கைதட்டுகிறார்கள்? "வந்துட்டான்யா ஒருத்தன், இன்னும் ஒருத்திதான் பாக்கி," என்றாள் தலைவி பெரில், எழுபத்துமூன்று வயது, கணுக்கால் இரண்டிலும் பட்டை. மூன்று வருடத்துக்கு முன் தங்கள் பொருளாளரைப் பள்ளத்தில் விட்டுவிட்டு இவர்கள் இரண்டு சுற்று டீ குடித்தார்களாம், அதிலிருந்து சட்டம், பாதையில் கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் ஃபிளாஸ்க்கைத் தொடக் கூடாது, மன்றத்து ஆளோ வழிப்போக்கரோ. "நாங்க மன்றத்துல இல்லையே," என்றான். "பள்ளத்துக்கு அது தெரியுமா?" என்றார் பொருளாளர். "முக்கா மணி நேரமா நாக்கு வறண்டு கிடக்கோம் ராசா," என்றாள் பெரில், "உன் பொண்டாட்டி பறவைய ரசிக்கட்டும், கொஞ்சம் வேகமா ரசிக்கச் சொல்லக் கூடாதா? நெவிலும் பொறுக்க மாட்டாம அழைச்சிட்டு வர்றேன்னு திரும்பிப் போயிருக்கான், மேல போற தார் ரோட்டு வழியா. தடுப்புப் பக்கம் போய், அங்கேருந்து கரையோட தேடிட்டு வருவானாம்."

திரும்பியா? இந்தக் காற்றில்? இவ்வளவு தூரம் அவனை ஒரு மிதி மிதிக்காமல் தள்ளிக்கொண்டு வந்த காற்று இப்போது நெவிலின் நெஞ்சில் கை வைத்திருக்கும், எழுபது வயது நெஞ்சு, இல்லாத ஒருத்தியைத் தேடி. ஃபோன் பண்ணுங்க, என்றான். பெரில் பண்ணினாள். மேசைமேல் நெவிலின் சாப்பாட்டு டப்பா பாடியது.

சொல்ல வேண்டும். மூன்று சொல் இருக்குமா, அவ்வளவுதான். இதுவரை அவன் சொன்னதில்லை, வைமாரியின் அக்கா எல்லோருக்கும் ஃபோனில் சொல்லிவிட்டாள், அவள் குலத்தார் தங்கள் பொதுக்கூடத்தில் அவளை மூன்று நாள் கிடத்தி வைத்து அவளிடமே பேசினார்கள், முகத்தைப் பார்த்துப் பேசுவது அவர்கள் வழக்கம், மாமா ஒருவர், அவள் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராத சுத்தியலைக் கேட்டுத் திட்டினார், அத்தைகள் சிரித்தார்கள், அவளுக்குக் கேட்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நீயும் பேசு, என்றார்கள். அவன் காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்... "அவ வரமாட்டா," என்றான். "சண்டையா?" என்றாள் பெரில். "இல்ல. செத்துட்டா. போன வருஷம் ஆகஸ்ட்ல." காலிக் கோப்பைகள் அப்படியே நின்றன. பொருளாளர் தொப்பியைக் கழற்றினார், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு ஏரிப் பக்கம் போயிற்று, அவர் ஓடவில்லை.

பெரில்தான் முதலில் எழுந்தாள். கேக்கை ஒரு துண்டு வெட்டி அவன் வாயில் திணித்தாள், "தின்னு, மிதிக்கணும்," என்றாள், கேட்காமல் கொள்ளாமல் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். "தனியா இந்தக் காத்துல நீ அவனைப் பிடிக்க மாட்ட. நான் மிதிப்பேன், பொய் சொல்லல, பாதி நேரம் காலைத்தான் சுத்துவேன்."

சைக்கிள் கனத்தது. நேராக நின்றது. அன்று முதல் முறையாகப் பின்சக்கரம் துள்ளாமல் ஓடியது, காற்று கன்னத்தில் அறைந்தது, தலை குனிந்துகொண்டு மிதித்தார்கள், பெரில் மூச்சிரைக்க நெவிலைத் திட்டிக்கொண்டே வந்தாள், கிறுக்கன், ஃபோனைச் சட்டைப்பையில் வைக்கத் தெரியாதவன். தூரத்தில் தார் ரோட்டில் மஞ்சளாக ஒரு புள்ளி, நகர்கிறதா நிற்கிறதா தெரியவில்லை. "பள்ளம்!" என்று கத்தினான் ஆங்கஸ், இரட்டைச் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது, முன்னால் இருப்பவன் சொல்ல வேண்டும், அதுதான் முறை. பெரில் உடம்பைத் தூக்கிக்கொண்டாள், இறங்கி ஏறியது. "நல்லா சத்தமா சொல்ற," என்றாள், "நெவில் சொன்னான்." "என்ன சொன்னார்?" "தடுப்புக்கு முந்தி ஒரு மைல் உன் பின்னாடிதான் வந்தானாம். பள்ளம், மேடு, கல்லு... ஒண்ணு விடாம நீ கத்திட்டே வந்தியாம். சீட்டு காலின்னு கண்ணுக்குத் தெரியுது, ஆனா இவன் இப்படிக் கத்துறானே, அப்ப ஆள் பக்கத்துலதான் எங்கேயோ இருக்கணும்னு நெனச்சிருக்கான் பாவம்."

கத்தினேனா? அவனுக்கு நினைவில்லை. காலையிலிருந்து எத்தனை பள்ளம், நூறு இருக்காதா, வேலியோரத்து ஆள், விலாங்குக்காரர், எல்லோரும் கேட்டிருப்பார்களோ, கேட்டுவிட்டுத்தான் பின் இருக்கையைப் பார்த்தார்களோ... மஞ்சள் புள்ளி கொஞ்சம் பெரிதாயிற்று. அதற்கு முன்னால் பெரிய பள்ளம் ஒன்று, அகலமாக, தண்ணீர் தேங்கி. அவன் வாயைத் திறந்தான், இதை யாருக்குச் சொல்லப் போகிறோம் என்று ஒரு கணம் தயங்கினான், அதற்குள் சக்கரம் இறங்கிவிட்டது.

"சொல்ல மாட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் திட்டியது.