வெள்ளிக்கிழமை சுவிட்ச்

இரண்டு வருடமாக அந்தப் பிராசஸர் ஒரு தப்பும் செய்ததில்லை. செய்ய விட்டால்தானே! அடையாறு ஆபீஸில் அதைச் சோதனைப் போர்டில் ஓட்டிப் பார்ப்பது லிண்டாவின் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால், கூட்டிப் பெருக்க வரும் தங்கம் கரண்டு வீணாகக் கூடாதென்று எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவாள். திங்கட்கிழமை லிண்டா மறுபடி போடுவாள். அது ஐந்து நாளுக்கு மேல் ஓடியதே இல்லை என்பது அங்கே இத்தனை படித்தவர்களில் ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

இந்த முறை தங்கம் பதினோரு நாள் லீவு. போர்டு ஒன்பதாம் நாள் அப்படியே நின்றுவிட்டது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுதுல்ல?" என்றான் மேனேஜர் ராம்குமார். "ஒம்பது நாள் நிறுத்தாம யாரு ஓட்டப் போறா? இன்னிக்கு நீ சோதனை பாஸ்னு கையெழுத்துப் போடலைன்னா, சிப் செய்யற தைவான் ஃபாக்டரில நம்ம முறை போச்சு. அப்புறம் ஆறு மாசம் காத்துக் கிடக்கணும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தள்ளியாயிற்று. இன்னொரு தடவை தள்ளினால் கம்பெனியை மூடினாலும் மூடுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டருக்குப் போகிற சிப் அது. நோயாளி மாறும்போது அணைக்காமலா இருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு லிண்டா பேனாவை எடுத்தாள்.

துடைப்பத்தோடு உள்ளே வந்த தங்கத்தின் முகம் வாடிப்போயிருந்தது. "நான் வராததாலயா மா மிசினு கெட்டுப் போச்சு? வாட்ச்மேன் சொன்னாரு."

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லன்னாங்களே, யாருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு மா. நெஞ்சுவலி. பதினோரு நாளும் ஆஸ்பத்திரில. தலைமாட்டுல ஒரு பொட்டி, கோடு கோடா ஓடிக்கினே இருக்கும். ஒரு நிமிசம் நிக்கல மா. அத்தயே பாத்துக்கினு உக்காந்திருந்தேன். கோடு ஓடுச்சுன்னா அவரு உசுரோட கீறாருன்னு அர்த்தம். நேத்துதான் வூட்டுக்கு வந்தாரு."

லிண்டாவுக்குச் சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"ஆறு மாசம் ஆகட்டும் ராம்."

"என் வேலை போயிடும் லிண்டா."

"என்னுதும்தான்."

எழுந்துபோய் போர்டை மறுபடி போட்டாள். தங்கம் பெருக்கி முடித்து, பழக்க தோஷத்தில் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினாள். வெள்ளிக்கிழமை அல்லவா!

"அதை மட்டும் அணைக்காதீங்கக்கா," என்றாள் லிண்டா. "ஓடட்டும்."