நாயகி குடியிருந்த நான்காம் மாடி

"லிஃப்ட் வந்தா நாவல் செத்துப்போகும் நுன்சியாம்மா."

"வராட்டி நான் செத்துப்போவேன், புரபசரே."

முதல் மாடி நடையில் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க நின்றாள் நுன்சியா. முற்றத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. நேப்பிள்ஸில் சண்டையை யாரும் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் இருந்து கேட்பதில்லை.

குடியிருப்பில் லிஃப்ட் வைக்கக் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் புரபசர் ஓத்தாவியோதான். முதல் மாடிக்காரர். பள்ளிக்கூடங்களில் பாடமாக இருக்கும் அந்தப் பழைய நாவலின் நாயகி வாழ்ந்தது இங்கே நான்காம் மாடியில். அவளைக் கூட்டிப்போக வந்த காதலன் இந்தப் படிகளில் ஏறி மூச்சிரைத்துப் பேச முடியாமல் நிற்க, துறைமுகத்தில் கப்பல் கிளம்பிவிடுகிறது. ஞாயிறுதோறும் வாசகர் கூட்டத்தை அழைத்து வந்து இதையெல்லாம் சொல்வது புரபசரின் வழக்கம். கீழே நின்றபடிதான் சொல்வார்.

இப்போது அந்த நான்காம் மாடி வீட்டில் இருக்கும் நுன்சியாவுக்கு முழங்கால் போய்விட்டது. மேலே ஏற முடியாவிட்டால் மகன் வடக்கே தான் இருக்கும் மிலான் நகரத்துக்குக் கூட்டிப்போய்விடுவான். அங்கே பனிமூட்டமும் மருமகளும் காத்திருந்தார்கள்.

"இந்த ஊரை எடுத்துட்டா அந்தக் கதையில என்ன மிஞ்சும்? இந்தப் படிதான் கதையே" என்றார் ஓத்தாவியோ, பின்னால் நின்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் கேட்கும்படி.

"அப்படின்னா அவ வீட்டுலயே நீங்க இருக்கலாமே. என் சாவி இந்தாங்க, உங்க சாவியைக் குடுங்க. தினம் ஏறி இறங்கி அனுபவிங்க."

கூட்டம் கைதட்டியது. அத்தனை பேர் முன்னால் மனிதர் எப்படி மறுப்பார்?

வீடு மாறினார்கள். பத்து நாளில் புரபசர் கூடையைக் கயிற்றில் இறக்கிவிட்டு ரொட்டிக்குக் கத்த ஆரம்பித்தார். நுன்சியா வேண்டுமென்றே நிதானமாகக் காபி குடித்து முடித்துவிட்டுத்தான் போய்க் கூடையில் ரொட்டியை வைப்பாள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: மாலையில் அந்த ஜன்னலில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எதிர்வீட்டார் பார்த்திருக்கிறார்கள். படித்த பக்கத்துக்குள்ளேயே குடியிருக்கக் கிடைத்தால் யாருக்குத்தான் கண் கலங்காது?

இப்போது அவர் கூட்டத்தையும் மேலே ஏற்றினார். அப்படி ஒருநாள் கடைசியாக வந்து சேர்ந்தாள் இங்கெபோர்க் என்ற டென்மார்க் விதவை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, ஒரு சொல்லும் வராமல் நின்றாள்.

"பேசாதீங்க. உக்காருங்க" என்றார் புரபசர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டாராம்.

வசந்தத்தில் கல்யாணம். மூட்டுவலி வந்துவிட்டதென்று இருவரும் டென்மார்க்குக்கே போய்விட்டார்கள். மேடு என்பதே இல்லாத ஊர், தரையோடு ஒட்டிய வீடு. நுன்சியா முதல் மாடியிலேயே இருக்கிறாள்; மிலானுக்குக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போய், மருமகளின் காபியைப் பற்றி ஒரு வருஷத்துக்குப் போதுமான சேதியோடு திரும்புகிறாள்.