எழுபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிகளை முடுக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, காரிலிருந்து கழற்றிய மீட்டரை அதன்மேல் குப்புறப் போட்டேன். வேகம் காட்டும் முள்ளுக்கு ஒரு குறையும் இல்லை. ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்கள்தான் 78,412-இல் நின்றுபோயிருந்தன. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். அதில் இரண்டு பல் போயிருந்தது.

உடைத்தவன் நான்தான். தெருமுனை திரும்பியதும், அன்றன்றைய ஓட்டத்தை மட்டும் காட்டும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குவது என் பழக்கம். ஓடும் வண்டியில் அந்தப் பொத்தானை அழுத்தினால் பல் போகும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. நான் எந்தக் காலத்தில் அதையெல்லாம் படித்தேன்? நின்றுபோனதும் கவலைப்படவில்லை. நம் வண்டிக்கு மட்டும் வயதே ஆவதில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன். மாமனார் ஒருவர்தான் அதற்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

எண்பதாயிரத்தில் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும், அது அறுந்தால் இன்ஜின் நின்றுவிடும் என்று மெக்கானிக் ஒரு சீட்டில் எழுதி டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருந்தார். கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். மீட்டரைப் பார்ப்பேன். இன்னும் இருக்கிறது என்று விட்டுவிடுவேன். நின்ற மீட்டரைப் பார்த்து நாள் கடத்துகிற புத்தி வேறு யாருக்கு வரும்?

இரண்டு மாதத்துக்கு முன்பு மாமனாருக்கு நெஞ்சுவலி. பின்சீட்டில் என் மனைவியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பைபாஸில் இன்ஜின் அணைந்தது. வேறு வண்டி வந்துசேர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் அவர் போய்விட்டார். பெல்ட் அறுந்திருக்கிறது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். இன்னும் எண்பதாயிரம் ஆகவில்லையே என்றேன். அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டேன். மனைவியிடம், பழைய வண்டி, என்ன செய்வது என்றேன். அவளும் ஆமாம் என்றாள்.

அதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. அவரை எடுத்துப்போனபோதுகூட அழவில்லை. கடைக்குப் போகிறேன், வருகிறவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு எழுத்து தெரிகிறதா என்று கேட்கிறேன், வீட்டுக்கு வந்து ருசி தெரியாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறேன்.

மீட்டரைச் சரிசெய்யச் சொன்னவள் மனைவிதான். மெக்கானிக் இன்ஜினைச் சரிசெய்து வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அவள் வேலைக்கு எடுத்துப்போகப் போகிறாள். "அப்பதானே எது எப்ப மாத்தணும்னு தெரியும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

புதுச் சக்கரம் தபாலில் வந்திருந்தது. பழையதை எடுக்க அச்சை உருவியதும் எண் வளையங்கள் தனித்தனியாகச் சுழன்று, 78,412 காணாமல் போனது. இனி எந்த எண்ணை வேண்டுமானாலும் வைக்கலாம். பழையதையே வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. முதல் வளையத்தில் ஏழு என்ற எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எப்ப நின்னுது இது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பதினாலு மாசம் இருக்கும்."

"எவ்வளவுல நின்னுது?"

சொன்னேன். கடைசி இரண்டு மாதம் வண்டி ஓடவில்லை, மீதி பன்னிரண்டு மாதம், கடைக்குப் போய்வர மாதம் ஐந்நூறு என்று அவள் விரல் மடக்கினாள். பிறகு வளையங்களைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எட்டு, நாலு, நாலு, ஒன்று, இரண்டு.

"எண்பத்திநாலா" என்றாள், தனக்குத்தானே.

நான் சக்கரத்தைப் பொருத்தி அச்சைச் செருகினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீட்டரைத் திரும்ப மாட்டும்போது உள்ளே இருட்டாக இருந்தது. நான் டிரைவர் சீட்டில் குனிந்திருந்தேன். அவள் திறந்த கதவருகே நின்று டார்ச் பிடித்தாள். மூன்று திருகாணி போட்டேன். நான்காவதுக்கு வெளிச்சம் இல்லை. இந்தப் பக்கம் காட்டு என்றேன்.

வெளிச்சம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். டார்ச் கதவின் ஓரத்தில் நின்றது. சீட்டைக் கிழித்த இடத்தில் பசையில் தூசி ஒட்டி ஒரு சதுரம் கறுத்திருந்தது. அதன் மூலையில் எனக்குத் தப்பிய காகிதத் துண்டு. அதில் மெக்கானிக்கின் கையெழுத்தில் ஒரு எட்டும் ஒரு பூஜ்யமும்.

நான் மறுபடி குனிந்து, இருட்டில் தடவித் தடவி நான்காவது திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன்.